மருந்தை விடுவோம், வளையை அடைப்போம்



வரி, உரிமக் கட்டணம், பெருங்கடைகளின் போட்டி என்று எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இந்த இதழில் அலசப்படுகின்றன. அவற்றுக்கிடையே எலியைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். ஆனால், "என் வீட்டில் எலி இல்லை" என்று கல்லாப் பெட்டியின் மேல் கை வைத்துச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

மற்றவர் வீட்டுக்கு எலி தானாக வருகிறது. மளிகைக்காரன் வீட்டுக்கு அவனே கொண்டுவந்து சேர்க்கிறான். கீழே கடை, மேலே வீடு. அல்லது முன்னே கடை, பின்னே வீடு. நம்மில் பலருடைய வாழ்க்கை அப்படித்தான். மண்டியிலிருந்து வரும் சாக்கு மூட்டை இடுக்கிலும் அட்டைப் பெட்டியிலும் சுண்டெலி ஒளிந்து வருகிறது. பகலில் கிடங்கில் தூங்கி, கடை அடைத்ததும் மாடிப்படி ஏறிச் சமையலறைக்குப் போய்விடுகிறது. எனவே கடை எலி, வீட்டு எலி என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வீண். ஒன்றை விட்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சுண்டெலி நாளொன்றுக்குத் தின்பது சுமார் 3 கிராம்தான். பத்து எலி இருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 கிலோ. இது ஒரு நட்டமா என்று கேட்கலாம். ஆனால் ஒரு எலி நாளொன்றுக்கு 50க்கு மேல் புழுக்கை போடுகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்னும் பழக்கம் அதற்கில்லை. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று பத்து மூட்டையில் வாய் வைக்கிறது. தின்றது பிடியளவு, கெடுத்தது மூட்டையளவு. மின்கம்பி உறையைக் கடித்து வைப்பதும், எலிக் காய்ச்சல் போன்ற நோய்களைப் பரப்புவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பற்று வரவு எழுதாமல் தினமும் சரக்கெடுக்கும் வாடிக்கைக்காரர் என்றால் அது எலிதான்.

ஆகவே எலியை ஒழிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி ஒழிப்பது என்பதில்தான் நாம் பெரும் தவறு செய்கிறோம். நானும் செய்தவன் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் எலித் தொல்லை பொறுக்க முடியாமல் போனது. நான் எலி மருந்தைத் தேங்காய்ச் சில்லில் தடவி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டேன். எலி அதைத் தின்னவில்லை. நடுக்கூடம் வரை இழுத்துவந்து போட்டுவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த நான்கு வயதுப் பேத்தி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆச்சி, இது எனக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்காமல் வாயில் போட்டிருந்தால்? என் மனைவி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அழுதாள். அன்று மாலை நான் மாடிக்குப் போனபோது, "ஏங்க, எலி போனா போகுது. பிள்ளை போனா என்ன செய்வீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லோருக்கும் அப்படி அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை நாம் எல்லோரும் படித்தோம். எலித் தொல்லை என்று ஒரு வீட்டில் ஆள் வைத்து மருந்து வைத்தார்கள். இரவு ஏ.சி. போட்டுக் குடும்பத்தோடு உறங்கினார்கள். விடிந்தபோது மூச்சுத் திணறல். பெற்றோர் மருத்துவமனையில் கிடக்க, இரண்டு பச்சிளம் பிள்ளைகள் உயிரிழந்தனர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று பழமொழி சொல்வார்கள். இங்கே அது பழமொழியாக இல்லை.

மருந்துகளின் குணத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. அது உடம்புக்குள் போனவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுவிடும். 2022 இறுதியில் சுகாதாரத் துறை இதற்கு எதிராக உரக்கப் பேசியது. அதன்பின் தமிழ்நாட்டில் அந்தப் பசை தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு யார் கடையில் ஒரு மூலையில் கிடந்தாலும் அது சரக்கல்ல, குற்றம்.

தானியக் கிடங்குகளில் புகையூட்டப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அதைவிடக் கொடியது. ஈரக்காற்று பட்டாலே நச்சுவாயு கிளம்பும். சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்கும் பரவும். அரசு அமைப்புகளுக்கும் அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே இதை விற்கலாம் என்பது விதி. ஆனாலும் மண்டியில் தெரிந்தவரிடம் நாலு மாத்திரை வாங்கி எலி வளையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே பிள்ளைகள் உறங்கும் கட்டடத்தில் இதை வைப்பதை என்னவென்று சொல்வது?

இத்தனை ஆபத்துக்கும் எலி ஒழிகிறதா என்றால் அதுவும் இல்லை. சுண்டெலி கருவுற்ற மூன்று வாரத்தில் ஐந்து, ஆறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமே குட்டி போடும் வயதை எட்டிவிடும். நாம் மருந்து வைத்து நாலைக் கொன்றால், தீனியும் வளையும் அப்படியே இருப்பதால் மறுமாதம் எட்டு வந்துவிடும். கொன்றதும் சில நேரம் சுவருக்குள் செத்து நாறும். எனவே எலியைத் துரத்துவதைவிட, எலிக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்வதே சரியான வழி.

என் வீட்டிலும் கடையிலும் செய்து பலன் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, வழியை அடைப்பது. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கடையையும் வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், மின்கம்பி நுழையும் துளை, ஷட்டரின் இரு ஓரம், கதவின் அடி, சாக்கடைத் துவாரம் - இவைதான் அதன் ராஜபாட்டை. சிமெண்டோடு கண்ணாடித் தூளோ இரும்பு நாரோ கலந்து அடையுங்கள். துணி, அட்டை, மரம் எல்லாம் அதன் பல்லுக்குத் தூசு. காற்று வரவேண்டிய இடத்தில் கால் அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலை அடியுங்கள். கதவடியில் தகடு தையுங்கள். எனக்கு இதற்கு ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியும் அரை மூட்டை சிமெண்டும்தான் செலவு.

இரண்டாவது, இரையை மறைப்பது. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். சுவரோரம் காலியாக இருந்தால் எலிக்கு மறைவில்லை. நமக்கும் பெருக்கிப் பார்க்க வழி கிடைக்கிறது. பிரித்த மூட்டையைத் தகர டின்னிலோ மூடியுள்ள டிரம்மிலோ கொட்டிவிடுங்கள். காலிச் சாக்கையும் அட்டைப் பெட்டியையும் மாடியில் சேர்க்காதீர்கள். அவை எலிக்குப் பிரசவ அறை. இரவில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளாமல் விளக்கை அணைக்காதீர்கள். புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடியே பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து ஊறவைத்துத் துடைத்தெடுங்கள்.

மூன்றாவது, பொறி. இவ்வளவும் செய்தபின் உள்ளே மிஞ்சியவற்றுக்கு நம் பழைய எலிப்பொறி போதும். ஒரே பொறியை நடு அறையில் வைத்துவிட்டு எலி விழவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. எலி சுவரை உரசியபடியே ஓடும். பொறியையும் சுவரோரத்தில்தான் வைக்க வேண்டும். ஒரே இரவில் ஆறேழு பொறி வையுங்கள். மசால் வடை, கருவாடு, வறுத்த நிலக்கடலை எதுவும் ஆகும். பிள்ளையாரின் வாகனம் என்று கொல்ல மனமின்றி அடுத்த தெருவில் கொண்டுபோய்த் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. அது நம் எலியை அடுத்த கடைக்காரருக்கு மாற்றிக் கொடுப்பதே தவிர வேறல்ல.

பூனை வளர்க்கலாமே என்பார்கள். மூட்டை இடுக்கில் பூனை நுழையாது. பூனை முடி விழுந்த பருப்பை வாடிக்கையாளர் வாங்கவும் மாட்டார்.

இனி நம் விற்பனைக்கு வருகிறேன். பல கடைகளில் எலி மருந்து ஊதுபத்திக்கும் காப்பித்தூளுக்கும் இடையே தொங்குகிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்துக்குள் எலி மருந்தும் அடங்கும். உணவுப் பொருளோடு அதை வைக்கக் கூடாது என்பது சட்டம் மட்டுமல்ல, பொது அறிவும்கூட. அதை வாங்கிப் போகிறவர் வீட்டில் எந்தக் குழந்தை தவழ்கிறது, யார் மனம் உடைந்து கிடக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. எலிக்கென்று வாங்கியது மனித உயிரைக் குடித்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு.

"நான் விற்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் விற்பான்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் தனி ஒருவர் முடிவு செய்தால் போதாது. சங்கமே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். எலி மருந்தில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு? அதே ஆணியில் எலிப்பொறியைத் தொங்கவிடுங்கள். மூடியுள்ள டின்னும் இரும்பு வலையும் வாங்கி வையுங்கள். மருந்து கேட்டு வருபவரிடம், "அண்ணே, முதல்ல ஓட்டையை அடைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பொறியில் எலி விழுந்த மறுநாள் அவர் உங்கள் கடைக்குத்தான் வந்து சொல்வார். அந்த நம்பிக்கைதான் நமக்கு முதல்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன் இன்றிரவு கடை அடைக்கும்போது, ஒவ்வொருவரும் டார்ச் விளக்கோடு ஒருமுறை குனிந்து சுவரோரத்தைப் பாருங்கள். மாடியில் உறங்கும் பிள்ளைகளுக்காக இதைச் செய்யக் கூடாதா?