காத்து எங்கட, தீர்மானம் ஆற்ற?

"காற்றாலை வேணுமா, வேண்டாமா?" எண்டு கேட்டு மன்னார்ச் சனத்தை ரெண்டாப் பிரிக்கிறது சுலபம். வேண்டாம் எண்டால் அபிவிருத்திக்கும் எதிரி, காலநிலைக்கும் எதிரி! ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேற: எங்க நிற்கும் எண்டதை ஆர் தீர்மானிக்கிறது?

தாழ்வுபாடு இருக்கிற எங்கட தீவின் தெற்குக் கரையில், 2020 டிசம்பரில் தம்பபவனி திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். நிலக்கரியை விட இது நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனால் கரைவலை இழுக்கிறவர்கள் தங்கட கரையைப் பற்றிக் கேள்வி கேட்க அப்போது ஒரு மாகாண சபைகூட இல்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு ஆளுநர் ஆட்சிதான்.

சபை இருந்திருந்தாலும் கை கட்டித்தான் இருந்திருக்கும். 13ஆவது திருத்தம் மின் உற்பத்தியை மாகாணத்துக்குக் கொடுக்குது. ஆனால் தேசிய மின்கட்டமைப்புக்குப் போற மின்சாரத்தை அதிலிருந்து விலக்குது. பிறகு என்ன மிச்சம்? காணிக்கெண்டு எழுதின தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை.

அதே திருத்தத்தின் கீழ்தான் பக்கத்து வடமேல் மாகாணம் 1990இல் தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் நிறைவேற்றியது. நுரைச்சோலை நிலக்கரி ஆலை நிற்கிறதும் அங்கதான். ஆக, அதிகாரம் கிடைச்சால் எல்லாம் சரியாகிடும் எண்டு நான் சொல்லேல்லை. கேள்வி கேட்க ஒரு வாசலாவது வேணும் எண்டுதான் சொல்றன்.

"ஊருக்கு ஊர் அதிகாரம் குடுத்தால் எல்லாரும் 'இங்க வேண்டாம்' எண்டுதான் சொல்லுவினம்" எண்டு சிலர் சொல்லலாம். நியாயமான பயம். கூட்டாட்சி நாடான ஜெர்மனியில், பவேரியா மாநிலம் 2014இல் காற்றாலையின் உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வீடுகளிலிருந்து வேணும் எண்டு சட்டம் போட, அங்க புதுக் காற்றாலைகள் கிட்டத்தட்ட நிண்டுபோச்சு. அதுக்காக மாநிலங்களைக் கலைக்கேல்லை. 2032க்குள் நாட்டின் நிலத்தில் 2 வீதம் காற்றாலைக்கு எண்டு 2022இல் மத்திய சட்டம் வந்தது. எந்த இடம் எண்டதை மாநிலங்கள் தெரிவு செய்யும். எவ்வளவு எண்டதை மத்தி சொல்லுது, எங்க எண்டதை மாநிலம் சொல்லுது.

இங்கயோ ரெண்டையும் கொழும்பே சொல்லுது. 2025 ஓகஸ்டில் மன்னார்ச் சனம் றோட்டில் இறங்கின பிறகுதான் ஜனாதிபதி புதுத் திட்டங்களை ஒரு மாதம் நிறுத்தினார். செப்டெம்பரில் பொலிஸ் காவலோடு காற்றாலைப் பாகங்கள் திரும்ப வந்து சேர்ந்தன. சபை இல்லாத இடத்தில் றோட்டுத்தான் சபை.

2030க்குள் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் எண்டது அரசின் இலக்கு. நல்ல இலக்கு. அதுக்கு மன்னாரின் காத்து வேணுமெண்டால், முதல்ல மாகாண சபைத் தேர்தலை வையுங்கோ. சனத்தைத் தாண்டி நட்ட காற்றாலை ஒவ்வொண்டுக்கும் பொலிஸ் காவல் போட ஏலாது.