இருட்டில் சிவக்கும் வேர்

திசு வளர்ப்பு என்ற சொல் நம்மில் பலருக்கு வாழையின் வழியாகவே அறிமுகமானது. ஒரு சிறு துண்டிலிருந்து ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான கன்றுகள் என்ற செய்தி வியப்பூட்டியது. அந்த வியப்பிலிருந்து ஓர் அவசர முடிவும் பிறந்தது: அருகிவரும் மூலிகைகளையும் இப்படியே குப்பியில் வளர்த்துக்கொள்ளலாம், காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குப்பியில் வளர்ந்ததில் வீரியம் ஏது, மண்ணில் விளைந்தது மட்டுமே மருந்து என்று இதற்கு மறுமொழி சொல்வோரும் உண்டு. இரு தரப்பினரும் ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பது நம் கருத்து. அந்தச் செடி அந்தப் பொருளை எந்தச் சூழலில், எதற்காக உண்டாக்குகிறது?

1902இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட், செடியிலிருந்து பிரித்தெடுத்த தனி உயிரணுக்களைச் சத்துக் கரைசலில் வளர்க்க முயன்றார். அவை சில காலம் உயிரோடிருந்தன. ஆனால் பிரிந்து பெருகவில்லை. ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு வளர்ச்சி ஊக்கிகளின் விகிதத்தை மாற்றினால் புகையிலைத் திசு வேர் விடும் அல்லது தளிர் விடும் என்று 1957இல் ஸ்கூகும் மில்லரும் காட்டினார்கள். 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் வகுத்த வளர்ப்பூடகம் இன்றும் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்குகிறது. அது புகையிலைத் திசு விரைந்து வளர்வதற்காக வகுக்கப்பட்டது. வளர்ச்சியும் மருந்துப் பொருளும் சேர்ந்தே வரும் என்று நினைத்தால் நாம் ஏமாறும் இடம் இதுதான்.

ஜப்பானில் முராசாகி என்றொரு செடி இருக்கிறது. அதன் வேரிலுள்ள ஷிகோனின் என்ற செந்நிறப் பொருள் சாயத்துக்கும் புண்ணாற்றும் களிம்புக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. காட்டில் செடி அரிதாகிவிட்ட நிலையில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1970களில் அதன் உயிரணுக்களைக் குப்பியில் வளர்த்து ஆராய்ந்தார்கள். ஒளி பட்டால் உயிரணுக்கள் நிறமற்றுக் கிடந்தன. இருட்டில் வைத்தால் சிவந்தன. வேர் வாழும் இடம் இருட்டுத்தானே! நைட்ரஜனை அம்மோனியமாகக் கொடுத்தபோது ஷிகோனின் உருவாகவில்லை. நைட்ரேட்டாக மட்டும் கொடுத்தபோது உருவாயிற்று. சிறிதளவு தாமிரம் கூட்டினால் மிகுந்தது. உயிரணு அதேதான், மரபணுவும் அதேதான். மாறியவை ஒளியும் உணவும் மட்டுமே.

1983இல் மிட்சுயி நிறுவனம் இதை ஆலை அளவுக்குக் கொண்டுசென்றபோது இரண்டு கலன்களைப் பயன்படுத்தியது. முதற்கலனில் உயிரணுக்கள் பெருகுவதற்கான ஊடகம். இரண்டாவதில் ஷிகோனின் உருவாவதற்கான ஊடகம். பெருகுவதும் மருந்தாவதும் ஒரே வாழ்க்கைமுறையில் நிகழா என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. சில ஆண்டுகள் மண்ணில் இருந்த வேரில் ஓரிரு விழுக்காடாக இருந்த ஷிகோனின், சில வாரக் குப்பி வாழ்வில் உலர்எடையில் பத்து விழுக்காட்டைத் தாண்டியது. குப்பியில் வீரியம் இல்லை என்போர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

செடி இத்தகைய பொருட்களைப் பெரும்பாலும் தற்காப்புக்காகவே ஆக்குகிறது. பூச்சி கடித்தாலும் பூஞ்சை தொற்றினாலும் அதற்கேற்ப அவற்றின் அளவு மாறுகிறது. புற்றுநோய் மருந்தான டாக்சாலின் வரலாறும் இதையே சொல்கிறது. முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்தே அதை எடுத்தார்கள். பட்டை உரிந்த மரம் செத்தது. பின்னர் யூ மர உயிரணுக்களை வளர்த்து, அவற்றில் மெத்தில் ஜாஸ்மொனேட் என்ற பொருளைச் சேர்த்தபோது மருந்தின் அளவு வெகுவாக உயர்ந்ததென 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மல்லிகை இனமொன்றின் மலரெண்ணெயில் கண்டறியப்பட்ட அப்பொருள், செடிகளுக்குள் காயத்தின் செய்தியைக் கடத்தும் குறிப்பு. காயமே படாத உயிரணு, காயம்பட்டதாக நம்பி மருந்தை ஆக்கியது.

எல்லா உயிரணுவையும் இப்படி நம்பவைக்க முடிவதில்லை. நம் ஊர் வேலியோரங்களில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைக்கிறது. அதன் மூலக்கூறு இரு பாதிகளால் ஆனது. ஒரு பாதியான கேதராந்தினை, உறுப்பாக உருவெடுக்காத உயிரணுத் திரள் குப்பியிலேயே ஆக்கிவிடும். மறுபாதியான விண்டோலினை ஆக்குவதற்கு ஒளியும் இலைக்கே உரிய தனிவகை உயிரணுக்களும் வேண்டும். இலையின் அமைப்பே இங்கே வளர்நிலையின் ஒரு பகுதி. செடியிலிருந்து உயிரணுவைப் பிரிக்கும்போது நாம் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதை இம்மருந்து நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

மூலிகை பறிக்க நிலமும் பருவமும் பார்த்த மரபு நம்முடையது. இன்றோ சீசாவின் மேல் செடியின் பெயர் இருந்தாலே நிறைவடைந்துவிடுகிறோம். எங்கே, எந்த நிலையில் வளர்ந்தது, மருந்துப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை. காட்டில் வளர்ந்ததாயினும் கலனில் வளர்ந்ததாயினும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

திசு வளர்ப்பை நாம் வரவேற்கிறோம். யூ மரங்களின் பட்டை உரிபடாமல் இருக்க அது உதவியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டுக்கு மாற்றாகக் காட்டும் பேச்சை ஏற்க இயலாது. எந்த இருட்டில், எந்தப் பற்றாக்குறையில், எந்தப் பூச்சிக்கு எதிராக ஒரு செடி தன் மருந்தை ஆக்கியது என்பது அது வாழ்ந்த இடத்தில்தான் பதிந்திருக்கிறது. அந்த இடம் அழிந்தபின் குப்பியில் செடி எஞ்சக்கூடும். அதனிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று நமக்குச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.