கட்டட வேலைக் கருவிகள்: விலையை மட்டும் பார்க்கலாமா?

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் கரணையைப் பற்றியும் உளியைப் பற்றியும் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் சங்க உறுப்பினர்களில் கிராமங்களில் கடை வைத்திருப்பவர்களின் கடைக்குள் போய்ப் பாருங்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் மண்வெட்டி சாய்ந்திருக்கும். மேலே இரும்புச் சட்டிகள் தொங்கும். கண்ணாடி அலமாரியில் சோப்புக்குப் பக்கத்தில் டெஸ்டரும் டேப்பும் இருக்கும். ஊரில் தனியாக ஹார்டுவேர் கடை இல்லாவிட்டால் கொத்தனாரும் தச்சரும் எலக்ட்ரீஷியனும் உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள்.

நாங்கள் இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் இறங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்களுக்கு வரும் ஆர்டர் சீட்டுகளில் பெரும்பாலும் "சுத்தியல் 1 டஜன், உளி 1 டஜன், விலை குறைவானதாக" என்றுதான் எழுதியிருக்கும். எந்தச் சுத்தியல், யாருக்கான உளி என்று இருக்காது. நாங்களும் கேட்பதில்லை. கையிருப்பில் உள்ளதைக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம். இந்தத் தவற்றில் முதல் பங்கு மொத்த வியாபாரிக்கே என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

உளியையே எடுத்துக்கொள்வோம். தச்சரின் உளிக்கு மரப்பிடி. அதைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். வயரிங் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் உளி முழுக்க இரும்பு. அதன் தலையில் சம்மட்டி விழும். தச்சு உளியை வாங்கிப்போய்ச் சுவரை வெட்டினால் பிடி பிளக்கும், முனை மழுங்கும். மறுநாள் அவர் வந்து திட்டுவது உங்களைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு கிராமத்துக் கடைக்காரர், ஓர் இளம் கொத்தனாரைக் கையோடு அழைத்து வந்தார். கொத்தனார் பையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை எடுத்து எங்கள் மேஜையில் வைத்தார். தூக்குக்குண்டில் நூல் கோத்த கட்டை ஒன்று உண்டல்லவா? கட்டையைச் சுவரின் மேல் பக்கத்தில் ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அதற்குக் கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் கொண்டுவந்ததில் கட்டை இரண்டு நூல் அகலம் கூடுதல். தொழிலுக்குப் புதியவர், கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ஒரு நூல் பிசகியிருக்கிறது. நான்கு கட்டாக எழுப்பிய சுவர், உச்சியில் அரை அங்குலம் சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் பிரிக்கச் சொல்லிவிட்டார். மூன்று நாள் கூலி போனதோடு, மேஸ்திரி அவரை வேலைக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

விசாரித்தபோது தவறு எங்கள் கிடங்கில்தான் நடந்திருக்கிறது. குண்டுகள் ஒரு பெட்டியிலும் கட்டைகள் வேறு பெட்டியிலும் வந்திருந்தன. எங்கள் பையன்கள் அளவு பார்க்காமல் ஜோடி சேர்த்துவிட்டார்கள். கூலியைக் கொடுத்தோம். போன பெயரை எங்களால் வாங்கித் தர முடியவில்லை.

ஆகவே சரக்கு வந்ததும் கடையிலேயே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். குண்டைக் கட்டையோடு ஒட்டும்படி இழுத்து, இரண்டையும் சேர்த்துச் சுவரில் வையுங்கள். இரண்டும் ஒருசேரத் தொட வேண்டும். ரசமட்டத்தை மேஜை மேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் தலைகீழாக, இடமுனை வலப்பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கம், அதே அளவு தள்ளி நின்றால் கோணல் மேஜையில். இடம் மாறினால் கோணல் மட்டத்தில். மூலைமட்டத்தைப் பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு இழுத்து, திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் அது மூலைமட்டமே அல்ல.

டேப் விஷயத்தில் நாங்களே ஏமாந்திருக்கிறோம். தொழிலுக்கு வந்த புதிதில், நுனிக் கொக்கி ஆடுகிறது என்று ஒரு பெட்டி டேப்பை அப்படியே திருப்பி அனுப்பினோம். கொக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு அது நகரத்தான் வேண்டும். கொக்கியை மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டவைத்து அளந்தாலும் கணக்குச் சரியாக வருவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டு பதில் எழுதினார். இன்றும் சிலர் அதே புகாரோடு டேப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆக்ஸா பிளேடில் பல்லைப் பாருங்கள். அங்குலத்துக்கு 18 பல் உள்ளது கனமான இரும்புக்கு. தகடும் மெல்லிய குழாயும் அறுக்க 24 அல்லது 32 பல் வேண்டும். எல்லோருக்கும் ஒரே பிளேடைக் கொடுத்தால் பல் உதிரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எலக்ட்ரீஷியனின் கட்டிங் பிளேயர். பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தாலே ஷாக் அடிக்காது என்று நினைப்பது தவறு. பல பிளேயர்களில் அந்த உறை, கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டும்தான். மின்வேலைக்கு உரியதில் 1000 வோல்ட் என்ற குறி இருக்கும். அந்தக் குறி இல்லாததை ஆணி பிடுங்கவும் கம்பி முறுக்கவும் விற்கலாம். கரண்ட் வேலை செய்பவர் கையில் கொடுக்கக் கூடாது. பத்து ரூபாய் லாபத்துக்காக ஒரு குடும்பத்தின் தலையில் கை வைக்கலாமா?

"கேட்பவர் மலிவாகக் கேட்கிறார், கொடுக்கிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிற வீட்டுக்காரருக்கு மலிவான சுத்தியல் போதும். அதையே தினம் எட்டு மணி நேரம் பிடிக்கிறவருக்குக் கொடுத்தால் வாரத்தில் காம்பு ஆடும். "வீட்டுக்கா, வேலைக்கா?" என்று கல்லாவில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். எங்கள் கணிப்பில் இரண்டு தரத்திலும் கொஞ்சம் வைத்திருப்பதே நல்லது. டஜன் வேண்டாம், மூன்று போதும். ஜலந்தரிலும் லூதியானாவிலும் இருந்து பார்சல் வரத்தான் நாளாகும். எங்கள் கிடங்கிலிருந்து உங்களுக்கு மறுநாளே வந்துவிடும்.

பில் போடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மண்வெட்டிக்கு வரி கிடையாது, கொத்தனாரின் கரணைக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். இரண்டும் மண்ணில் புரளும் இரும்புதான்; யார் பிரித்தார்களோ! ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் முழிக்க வேண்டாம்.

இனி எங்கள் கிடங்கிலிருந்து வரும் தூக்குக்குண்டுகள் கட்டையோடு அளவு பார்த்து, ஜோடியாகக் கட்டித்தான் வரும். ஆர்டர் சீட்டில் கொத்தனாருக்கா, தச்சருக்கா, எலக்ட்ரீஷியனுக்கா என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். எழுதாவிட்டால் போன் செய்து கேட்போம். மேலே சொன்ன சோதனையில் தேறாத சரக்கை அடுத்த லாரியிலேயே திருப்பி அனுப்புங்கள். லாரி வாடகை எங்களுடையது.