இலக்கியத் திருவிழாவில் புத்தகம் படித்த குற்றம்

திருவிழா என்றால் நமது ஜனங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேர் இருக்கும், கூட்டம் இருக்கும், உண்டியல் இருக்கும். போய்வந்தவன் மடி காலியாயிருக்குமே ஒழிய, அவன் புத்தி போனபோது இருந்த அளவிலேயே திரும்பி வரும். ஆகையால், சாமி இருக்கவேண்டிய இடத்தில் புத்தகத்தையும், பூசாரி இருக்கவேண்டிய இடத்தில் எழுதுகிறவனையும் வைத்து ஒரு திருவிழா நடக்கிறதென்றால், பகுத்தறிவுள்ள எவனும் சந்தோஷப்படவே செய்வான். ஆனால் அந்தத் திருவிழாவிலும் ஒரு மூலஸ்தானம் உண்டு, அதற்கு ஒரு திரை உண்டு, திரைக்குப் பின்னால் இருப்பதை ஒருவரும் தொடவும் படிக்கவும் கூடாது என்று ஏற்பட்டுவிட்டால், பழைய திருவிழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் 2006ம் வருஷம் முதல் சர்வதேச இலக்கியத் திருவிழா ஒன்று நடந்து வருகிறது. 2012ம் வருஷத்துத் திருவிழா ஜனவரி 20 முதல் 24 வரை, டிக்கி மாளிகை என்னும் பழைய பிரபுக்கள் மாளிகையில் நடந்தது. பல தேசத்து எழுத்தாளர்கள் வந்து, பந்தலிலும் கூடத்திலுமாக ஒரே நேரத்தில் பல மேடைகளில் பேசுவதும், நூல்களிலிருந்து படித்துக் காட்டுவதும் அங்கு வழக்கம். அப்போது உள்ளே போகக் கட்டணமும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பையனும் பெரிய வியாபாரியும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்கலாம். இது மெச்சத்தகுந்த காரியம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அந்த வருஷம் சல்மான் ருஷ்டி என்பவரை அழைத்திருந்தார்கள். இவர் 1947ல் பம்பாயில் பிறந்தவர். 1981ல் புக்கர் பரிசு பெற்றவர். 1988ல் "சாத்தானின் கவிதைகள்" என்னும் நாவலை எழுதி, 1989 பிப்ரவரியில் ஈரான் தேசத்து மதத் தலைவரான கோமேனியால் மரண ஆக்கினை விதிக்கப்பட்டவர். இதே ஜெய்ப்பூர் திருவிழாவுக்கு 2007ல் வந்து, கூட்டத்தோடு கூட்டமாய் உலாவிப் போனார். அப்போது எந்த மார்க்கமும் இடிந்து விழவில்லை. 2012ல் மட்டும் என்ன வந்துவிட்டது? தியோபந்து மதபாடசாலைத் தலைவர் ஒருவர் இவரை இந்நாட்டுக்குள் விடக்கூடாதென்று அறிக்கை விட்டார். அடுத்த மாதம் உத்திரப்பிரதேசத்தில் தேர்தல். டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஆண்டது ஒரே காங்கிரஸ் கட்சி. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவனுக்கும் விடை தெரிந்துபோகும்.

கடைசியில், அவரைக் கொல்லப் பம்பாயிலிருந்து கூலிக் கொலைகாரர்கள் புறப்பட்டிருப்பதாக அவருக்குச் சேதி சொல்லப்பட்டது. அதை நம்பி, 20ந் தேதி, தாம் வரவில்லையென்று அவர் அறிவித்துவிட்டார். பின்னர் பம்பாய்ப் போலீசார் தாங்கள் அப்படியொரு தகவலும் கொடுக்கவில்லை என்றார்கள். தம்மிடம் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று ருஷ்டியும் ஆத்திரப்பட்டார். பேய் வருகிறது என்று பயம் காட்டிக் குழந்தையைத் தூங்கவைக்கும் தாயைப் பார்த்திருக்கிறோம். பேயைக் காட்டி எழுத்தாளனைத் தடுத்து நிறுத்தியது யார் என்பதற்கு இன்றுவரை எவரும் ஜவாப்தாரியாகவில்லை.

அன்று மாலைக்குள் நடந்ததுதான் முக்கிய சங்கதி. ஹரி குன்ஸ்ரு, அமிதாவ குமார் என்ற இரண்டு எழுத்தாளர்கள், வரமுடியாமல் செய்யப்பட்டவருக்கு ஆதரவாக, தங்கள் மேடையில் அந்த நாவலிலிருந்து சில பகுதிகளைப் படித்தார்கள். பின்னர் ஜீத் தாயில், ருசிர் ஜோஷி என்ற இருவர் வேறொரு மேடையில் படித்தார்கள். அவர்கள் யாரையும் வையவில்லை. கையில் கல்லும் இல்லை, கத்தியும் இல்லை. சில தாள்கள் இருந்தன. திருவிழாக்காரர்களோ, இந்தக் காரியத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லையென்று உடனே அறிக்கை விட்டார்கள். போலீசு வந்தது, புகார் மனுக்கள் வந்தன, வக்கீல் யோசனை வந்தது. திருவிழா முடியுமுன்னரே அந்த நால்வரும் ஊரைவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

இவர்கள் செய்த குற்றந்தான் என்ன? 5-10-1988ல் இந்திய சர்க்கார் சுங்கச் சட்டத்தின்படி, அந்தப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யக்கூடாதென்று உத்தரவு போட்டார்கள். கோமேனி வாய் திறப்பதற்கு நான்கு மாதம் முன்னதாகவே நம்மவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். போகட்டும். தடை இறக்குமதிக்கு. மேடையில் உட்கார்ந்து வாயால் படிப்பது எந்தத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு? அதற்குச் சுங்கவரி எவ்வளவு?

திருவிழாக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள், அதில் குழந்தைகள், பெண்கள். கலகம் மூண்டு ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது? நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்தவனைப் பார்த்தா கேட்பது, அடிக்க வருகிறவனைப் பார்த்தா? போலீசு என்று ஒன்றை ஜனங்கள் வரி கொடுத்து வைத்திருப்பது எதற்காக? திருடன் வருவான் என்று பயந்து வீட்டுக்காரனையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டால், ஊரில் திருட்டே இல்லை என்று கணக்குக் காட்டலாம்தான்!

24ந் தேதி ருஷ்டியை நேரில் அல்லாமல் திரையிலாவது பேசவைப்பதாக ஏற்பாடு. அதற்கும் எதிர்ப்பாளர்கள் மாளிகைக்குள் வந்து நின்றார்கள். கலகம் வரும் என்று போலீசார் சொல்வதாகக் கூறி, மாளிகைச் சொந்தக்காரரே மேடையேறி அதையும் நிறுத்திவிட்டார். அன்று இரவே ஒரு தொலைக்காட்சியில் ருஷ்டியின் பேட்டி ஒளிபரப்பாயிற்று. தேச முழுவதும் வீட்டிலிருந்தபடியே பார்த்தார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஆகவே, பந்தலில் இருந்த ஆபத்து பெட்டியில் எப்படி இல்லாமல் போயிற்று என்பதை யாராவது விளக்கினால் நலமாயிருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கோபித்துக்கொள்கிறவர்களில் அனேகர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களல்ல. 1988ல் தடைகேட்டு முன்னின்ற பாராளுமன்ற அங்கத்தினர் ஒருவர், சாக்கடை நாறுகிறது என்று அறிய அதில் இறங்கவேண்டியதில்லை என்று பத்திரிகையிலேயே எழுதினார். 12-8-2022ல் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில் ஷடாக்வா என்னும் ஊரில், துன்பத்துக்குள்ளாகும் எழுத்தாளர்களுக்குப் புகலிடம் தருவதைப்பற்றிப் பேச ருஷ்டி மேடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒருவன் பாய்ந்து சரமாரியாகக் குத்தினான். ருஷ்டிக்கு ஒரு கண் போயிற்று. குத்தியவனுக்கு வயது 24. அதாவது அந்த நூல் வெளிவந்தபோது அவன் பிறக்கவேயில்லை. எவ்வளவு படித்தாய் என்று ஒரு பத்திரிகை கேட்டதற்கு, இரண்டு பக்கம் என்றானாம்! பக்கத்துக்கு எத்தனை குத்து என்று கணக்குப் போடுங்கள்.

இதை நாம் தூரதேசத்து வம்பாக எண்ணி எழுதவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் ஊர்த் தையல்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்போம். புரியாததைக் கேட்டால் நிறுத்திச் சொல்லுவார்; ஒப்பாததை மறுத்தால் அதற்கும் இடங்கொடுப்பார். என் படிப்பெல்லாம் அந்தத் திண்ணையில் ஆனதே. புத்தகம் வாங்கப் பணமும் படிக்க எழுத்தும் இல்லாதவனுக்கு, இன்னொருவன் உரக்கப் படிப்பதே பள்ளிக்கூடம். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்மசாஸ்திரம் எழுதினவன் கெட்டிக்காரன். கண்ணைவிடக் காதுக்குத்தான் அவன் பயந்தான். ஜெய்ப்பூரில் நிறுத்தப்பட்டதும் அந்தக் காதுதான்.

இதைக் கண்டு இந்துமதத் தோழர்கள் சிரித்துக்கொள்ளவேண்டியதில்லை. பெருமாள்முருகன் 2010ல் எழுதிய "மாதொருபாகன்" நாவலை, நான்கு வருஷம் கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தியவர்கள் யார்? முஸ்லிம்களா? அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அந்த மனிதரே எழுதும்படி ஆயிற்று. 5-7-2016ல் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காதவன் புத்தகத்தை மூடி வைக்கட்டும், எழுதுகிறவர் எழுதட்டும் என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்ன பிறகே அவர் பேனா மறுபடி உயிர்பெற்றது. கொளுத்துகிறவன் நெற்றியில் என்ன அடையாளம் இருந்தாலும் கையிலிருப்பது ஒரே தீக்குச்சிதான்.

நிற்க, ஜெய்ப்பூரில் நால்வரை ஊரைவிட்டு ஓட்டிய அந்தத் தடையுத்தரவின் கதி என்னவாயிற்று தெரியுமா? அந்தப் புத்தகத்தைத் தருவிக்க விரும்பிய ஒருவர் 2019ல் டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, சர்க்கார் அதிகாரிகள் தேடித்தேடிப் பார்த்து, அகப்படவில்லை என்று கைவிரித்தார்கள். ஆகவே, அப்படியொரு உத்தரவே இல்லையென்றுதான் கொள்ளவேண்டும் என்று 2024 நவம்பரில் கோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே டில்லியில் புத்தகம் கடைக்கு வந்தது. 36 வருஷம் திரைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே சிலையே இல்லை!

ருஷ்டியின் நாவல் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது நமது நோக்கமல்ல. அது மட்டமான நூலாயிருந்தாலும் நாம் சொல்வது இதுவே. ஒரு மதம் ஒரு புத்தகத்தால் அழியுமானால் அது அழியத்தக்கதே. அழியாதென்றால் பயம் எதற்கு? கோபமிருந்தால் மறுப்பு எழுதட்டும். அதையும் அதே மேடையில் படிக்கட்டும். நாமும் போய் உட்கார்ந்து கேட்போம். இத்தகைய விழாக்களில் கபீரைப் புகழ்ந்தால் கைதட்டுகிறார்கள். முல்லாவையும் பண்டிதனையும் ஒருசேர இடித்தவர் அவர். ஆனால் செத்து 500 வருஷம் ஆனவரைப் புகழ்வதற்கு என்ன தைரியம் வேண்டும்? உயிரோடிருப்பவனுக்கு நாற்காலி போட்டுக் காப்பாற்றுவதல்லவா தைரியம்!

ஆகவே தோழர்களே! பெரிய மாளிகைகளில் நடக்கும் திருவிழாக்களை மட்டும் நம்பியிராதீர்கள். உங்கள் ஊர் வாசகசாலையில், டீக்கடையில், தையல்கடைத் திண்ணையில் வாரம் ஒருநாள் ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படியுங்கள். நமக்குப் பிடித்ததை மாத்திரமல்ல, நம்மைத் திட்டி எழுதினதையும் படியுங்கள். கேட்கிறவர்கள் கேள்வி கேட்கட்டும். இதற்கு மாளிகையும் வேண்டாம், போலீசு அனுமதியும் வேண்டாம். ஒரு விளக்கும், படிக்கத் தெரிந்த ஒருவனும், பயப்படாத பத்துப் பேரும் இருந்தால் போதும்.