பயணத்தில் முடிவான கல்யாணம்

ஊர் சுற்றப் போன இடத்தில் கல்யாண முடிவு எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம் என்பது என் கட்சி. வீட்டில் நான் மட்டும்தான் இந்தக் கட்சியில் இருக்கிறேன்.

என் தங்கையின் பேத்தியும் அவளோடு வேலை பார்த்த கோட்டயத்துப் பையனும் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் தென் அமெரிக்கா சுற்றக் கிளம்பினார்கள். பையன் கிறிஸ்தவன். சேர்ந்து போனதே தப்பு என்று ஒரு மாதம் வீட்டில் பேச்சு. இப்போது பெருவிலிருந்து, "நாங்கள் கல்யாணம் செய்துகொள்கிறோம்" என்று செய்தி வந்திருக்கிறது. தங்கை பேத்தியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நம் காலத்தில் என்ன நடந்தது? பஜ்ஜி, சொஜ்ஜி, அரை மணி நேரம். நான் என் மனைவியின் முகத்தைச் சரியாகப் பார்த்ததே தாலி கட்டிய பிறகுதான். நன்றாகத்தான் வாழ்ந்தோம், அது வேறு விஷயம். இந்தப் பிள்ளைகள் கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோவுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்று மெலிந்து தலைவலியும் வாந்தியும் வரும். இவளுக்கு வந்தது. இரண்டு நாள் பையன் பக்கத்திலேயே இருந்து, கோகா இலைக் கஷாயம் வாங்கிக் கொடுத்து, துணியும் அலசிப் போட்டானாம். பணம் குறைந்தபோது யார் முகம் சுளித்தது, வண்டி தவறியபோது யார் கத்தியது என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். பத்துப் பொருத்தத்தில் இதற்கெல்லாம் கட்டம் ஏது?

ஆனால் அங்கேயே பதிவு செய்துவிடலாம் என்று அவர்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. பதிவுத்துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். 1969-ஆம் வருடத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி நம் தூதரகத்தில் கல்யாணம் செய்யலாம். அதற்கு இருவரில் ஒருவராவது அந்த அதிகாரியின் எல்லைக்குள் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபத்துக்கு இன்னொரு 30 நாள். வாரம் ஓர் ஊர் மாறுகிறவர்களுக்கு இது எப்படி ஒத்துவரும்? உள்ளூர்ச் சட்டப்படி செய்தால், ஸ்பானிஷ் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் முத்திரை என்று அலைய வேண்டும். நாளைக்குப் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கப் போனால் அந்தக் காகிதத்தைக் கேட்கலாம்.

அதே 1969-இல் பாடகர் ஜான் லெனானும் யோகோ ஓனோவும் கப்பலில் கல்யாணம் செய்துகொள்ளப் பார்த்து, முடியாமல், கடைசியில் பாரிஸிலிருந்து ஜிப்ரால்டருக்குப் பறந்து போய்ச் செய்துகொண்டார்கள். அவ்வளவு பெயரும் பணமும் இருந்தவர்களுக்கே அந்த அலைச்சல்.

ஊருக்கு வந்தால், 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. மதம் மாற வேண்டாம், சடங்கும் கட்டாயமில்லை. இங்கும் நோட்டீஸ், 30 நாள் காத்திருப்பு உண்டு. நோட்டீஸ் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு வம்புக்கு வந்த மாமன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விதி எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் அந்த ஒரு மாதம் உதவும் என்று தோன்றுகிறது. கோட்டயத்துக்காரர்கள் இங்கே ஒரு தடவை வரலாம், நாம் அங்கே ஒரு தடவை போகலாம். தங்கைக்கும் கோபம் ஆற நாள் கிடைக்கும்.

இதையெல்லாம் பேத்தியிடம் போனில் சொன்னேன். "சரி தாத்தா, டிசம்பரில் வந்துவிடுகிறோம்" என்றாள். மூன்று சாட்சிகள் வேண்டும். ஒரு கையெழுத்து என்னுடையது. இன்னொன்று பையனின் தாத்தாவுடையது. மூன்றாவது உன்னுடையது என்று தங்கையிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு வந்தேன். அவள் பதில் சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்தாள்.