செம்புக் காசுக்கு ஐந்து ரூபாய்தானா?

ஜவ்வாது மலையில் உள்ள கோவிலூர் சிவன் கோயிலில் 2025 நவம்பரில் திருப்பணி நடந்தபோது, மண்பானைக்குள் 103 பொற்காசுகள் கிடைத்தன. அதிகாரிகள் வந்தார்கள், எண்ணிப் பார்த்துப் பொறுப்பேற்றார்கள், செய்தி நாடு முழுக்கப் போனது. தங்கத்துக்குக் கிடைத்த மரியாதை அது. அதே மலையில் சாமைக் கொல்லையை உழும்போது ஒரு செம்புக் காசு மேலே வந்தால் யார் வருவார்கள்? புளி போட்டுத் தேய்த்து, பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. அந்தக் காசை மதிப்பிடும் முறையை நாம் மாற்றியாக வேண்டும்.

முதலில் அதன் நிலை. மண்ணில் கிடக்கும் செம்பின் மேல் செம்பழுப்பும் அதன்மேல் பச்சைக் களிம்பும் படியும். வழவழப்பாக இறுகிய களிம்பு அழுக்கல்ல. தேய்ந்த காசில் எழுத்தின் விளிம்பு பெரும்பாலும் அந்தப் படிவுக்குள்தான் பிழைத்திருக்கும். புளி களிம்பைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் மட்டும் வேறு. அது உப்பால் வரும் அரிப்பு. காசை ஈரம் படாமல் வைத்து, பக்குவம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பளபளப்பை வைத்து விலை சொல்பவரை நம்பக் கூடாது. பழமையும் தனியாக விலை தராது. ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் கொண்ட சோழர் செம்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஆனாலும் ஏராளமாகக் கிடைப்பதால் சந்தையில் சில நூறு ரூபாய்தான். சென்னை மாகாணத்துக்காக 1808-ல் இங்கிலாந்தில் அச்சிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளை ஏற்றிக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809-ல் அந்நாட்டுக் கரையருகிலேயே மூழ்கியது. 1980களில் அவை லட்சக்கணக்கில் மேலே வந்ததால், அச்சு மாறாத காசும் மலிவாகிவிட்டது. ராமர், சீதை உருவத்தோடு 1818 என்று பொறித்து, அரிசியை இழுக்கும் என்று சொல்லிக் கோடிக்கு விற்கப் பார்க்கும் காசுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை.

அப்படியானால் சாதாரணக் காசின் மதிப்பு எங்கே இருக்கிறது? கிடைத்த இடத்தில். மலையடிவாரத்தில் செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் கிடைத்த காசுகள் செம்பைவிட மட்டமான ஈயம். அவற்றில் தமிழி எழுத்தில் சேந்தன் என்ற பெயர் இருந்தது. மூவேந்தரே காசு அடித்தார்கள் என்றிருந்த எண்ணத்தை மாற்றி, இந்தப் பகுதியின் குறுநிலத் தலைவர்களும் நாணயம் வெளியிட்டதை அவை காட்டின. இடம் தெரியாமல் வியாபாரியின் பெட்டியில் கிடந்திருந்தால், செங்கத்தின் வரலாற்றோடு அவற்றை இவ்வளவு உறுதியாகச் சேர்த்திருக்க முடியாது.

"அரசிடம் சொன்னால் காசு போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது" என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் 16-ம் பிரிவு, அரசு எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரச் சொல்கிறது. தங்கத்துக்கு அது பெருந்தொகை. செம்பு கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும், 4 கிராம் காசுக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறாது. உழவர் எதற்காக மலையிறங்கி வந்து சொல்ல வேண்டும்? பிரிட்டனில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிட்டுப் பரிசு தருகிறார்கள். இங்கும் அந்த அளவுகோல் வேண்டும்.

பணம் தந்தால் பேராசையில் மலையையே தோண்டிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். உழவிலும் மழை அரிப்பிலும் தானாக மேலே வந்த காசுக்கு மட்டுமே பரிசு, தோண்டி எடுத்தால் வழக்கு என்று வைத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். எல்லாக் காசையும் அரசு வாங்கவும் வேண்டாம். உரிமை கோருவோர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் சட்டமே தருகிறது. ஆகவே ஜமுனாமரத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சிறு தராசும் கேமராவும் பதிவேடும் வைத்து, எடை, இருபுறப் படம், புல எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காசைத் திருப்பித் தரலாம். பிரிட்டனில் 1997 முதல் இப்படிப் பதிவு செய்து திருப்பித் தருகிறார்கள். அரிய காசு வந்தால் மட்டும் வேலூர் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் போகட்டும்.