கார் மட்டும் கை மாறினால் போதுமா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். கிலோமீட்டரைக் குனிந்து நோக்குகிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விற்கிறவர்களோ பணத்தை எண்ணியதும் காரை மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு மறதிகளின் நடுவில்தான் பழைய கார் வியாபாரம் நடக்கிறது எனலாம்.

வியாபாரி காரை முறைப்படி தம் பெயருக்கு மாற்றினால் செலவு. அதோடு, ‘மூன்றாவது ஓனரா?’ என்று அடுத்து வருபவர் விலையைக் குறைப்பார். ஆகவே வியாபாரிகளில் பலர் 29, 30ஆம் எண் படிவங்களில் வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாமலே விற்பவரிடம் கையெழுத்து வாங்கி மேசைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கார் மூன்று கை மாறினாலும் காகிதத்தில் முதல் ஆளே நிற்பார்!

நம் பக்கத்து மாட்டுச்சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். துண்டு மறைப்பது விலையை மட்டுந்தான். மாட்டுக்காரர் எதிரிலேயே நிற்பார். கார்க் கடையிலோ விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது. பார்த்துவிட்டால் இடையில் நின்ற லாபம் தெரிந்துவிடும் அன்றோ?

லாபம் குற்றமன்று. கடை வைத்தவர் பிழைக்க வேண்டாமா? ஆனால் விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? 2007இல் ஒருவர் விற்ற கார், பல கை மாறி 2009இல் ஓர் உயிரைப் பறித்தது. பதிவேட்டில் பெயர் மாறவில்லை. ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடசந்தூரில் காரை விற்றுவிட்டு நிம்மதியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒருவருக்கும் இதே கதி வரலாம்.

2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் உள்ளன. பழைய வாகன வியாபாரி அரசிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அவரிடம் ஒப்படைத்த விவரத்தை முறைப்படி தெரிவித்துவிட்டால், அதன் பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? நாம் கேட்டால்தானே சான்றிதழ் மேசைக்கு வரும்!

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். கார் மேல் கடன் இருந்து அடைக்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவத்தைக் கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பாய்க்கு அடியில் துருவைத் தேடுங்கள். பளபளக்கும் பெயிண்ட் எதையும் சொல்லாது.

ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். “அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே” என்பார் வியாபாரி. எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.